ஆப்ஜெக்ட் மாஸ்க்கில் விளிம்பு படிக்கட்டாக வருகிறது, பியூட்டியில் மட்டும் வழவழப்பாக இருக்கிறது – என்ன செய்வது?

வரைகோடு

பிளெண்டர் (3டி மென்பொருள்), அதன் சைக்கிள்ஸ் ரெண்டரர். கார் அனிமேஷன் ஒன்று. வெளிர் பின்னணி, நடுவில் கரும்சாம்பல் கார். ரெண்டர் முழுக்க முடிந்த பிறகு, கார் வெள்ளி நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறார் வாடிக்கையாளர். இப்படி வரும் என்று தெரிந்துதான் ஆப்ஜெக்ட் இண்டெக்ஸ் பாஸ் (ஒவ்வொரு பிக்சலிலும் எந்தப் பொருள் என்று எண்ணால் குறிக்கும் படம்) எடுத்து வைத்திருந்தேன். கம்போசிட்டரில் (ரெண்டர் ஆன படங்களைச் சேர்த்துத் திருத்தும் இடம்) ஐடி மாஸ்க் நோட் போட்டு காரை மட்டும் கறுப்பு-வெள்ளை மாஸ்க்காகப் பிரித்தால், விளிம்பெல்லாம் படிக்கட்டு.

பியூட்டி பாஸில், அதாவது நிறமும் ஒளியும் சேர்ந்த முழுப் படத்தில், அதே விளிம்பு அழகாக இருக்கிறது. ஒரு ஃபிரேமை மட்டும் எடுத்து சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை கணக்கிடுவது) 256இலிருந்து 2048 வரை ஏற்றிப் பார்த்தேன், மாஸ்க் இம்மியும் மாறவில்லை. ப்ளர் கொடுத்தால் படிக்கட்டு போகிறது, ஆனால் காரைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வந்துவிடுகிறது. நோடில் இருக்கும் ஆண்டி-அலையாசிங் (விளிம்பை வழவழப்பாக்கும்) பெட்டியை டிக் செய்தால் கூரையின் பெரிய வளைவு சரியாகிறது. ஆன்டெனாவும் சக்கரத்தின் கம்பிகளும் துண்டு துண்டாகின்றன. சுழலும் சக்கரத்தில் மோஷன் ப்ளர் வேறு.

முழு ரெண்டரையும் மறுபடி ஓட்ட நேரமில்லை. ஏதாவது வழி உண்டா?

சுட்டெலி

கிரிப்டோமேட் போடுங்க ப்ரோ, முடிஞ்சது. பிக்சல்ல எந்தப் பொருள் எவ்வளவு பங்குன்னு சேமிக்கிற பாஸ் அது. இண்டெக்ஸ் பாஸை இன்னும் யாரு யூஸ் பண்றாங்க?

அரைநிழல்

சுட்டெலி சொல்வது சரி. ஆனால் ஏன் என்று தெரியாமல் போட்டால் அடுத்த சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இண்டெக்ஸ் பாஸில் ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கும். காருக்கு 2, தரைக்கு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒரு பிக்சலுக்குள் பாதி கார், பாதி தரை. பியூட்டியில் இரண்டு நிறத்தையும் சராசரி எடுத்தால் இடைப்பட்ட நிறம் கிடைக்கும், விளிம்பு வழவழப்பாகும். எண்களைச் சராசரி எடுத்தால்? 2க்கும் 6க்கும் நடுவில் 4. நான்காம் எண் உங்கள் காட்சியில் ஒரு மரமாக இருக்கலாம். காரின் விளிம்பு முழுக்க மரம் முளைத்துவிடும். அதனால்தான் ரெண்டரர் இங்கே சராசரி எடுப்பதே இல்லை; ஏதோ ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறது. ஆர்னால்டு என்ற ரெண்டரரில் இதே வேலைக்கு 'குளோசஸ்ட்' என்று தனி ஃபில்டரே இருக்கிறது. ஆழம், இடநிலை போன்ற பாஸ்களுக்கும் அதுதான்.

ஆகவே 2048 அல்ல, இரண்டு லட்சம் சாம்பிள் கொடுத்தாலும் படிக்கட்டு போகாது. அந்தப் பிக்சலில் கார் 30 சதவீதமா 70 சதவீதமா என்ற தகவலே கோப்பில் இல்லை. ப்ளர் கொடுக்கும்போது நீங்கள் அந்தத் தகவலை மீட்கவில்லை, விளிம்பின் இரு பக்கமும் மையைத் தேய்க்கிறீர்கள். ஒளிவட்டம் அங்கிருந்துதான் வருகிறது.

டிக் பெட்டி செய்வது ஊகம். படிக்கட்டின் வடிவத்தைப் பார்த்து இங்கே ஒரு சாய்கோடு இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறது. பெரிய வளைவில் கணிப்பு பலிக்கும். ஒரு பிக்சலைவிட மெல்லிய ஆன்டெனாவில் கணிக்க எதுவுமே மிச்சமில்லை. அனிமேஷனில் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு மாதிரி கணித்துத் துடிக்கும்.

உங்களுக்கான நல்ல செய்தி: மாஸ்க்கை மட்டும் தனியாக ரெண்டர் எடுக்கலாம், பியூட்டியைத் தொடவே வேண்டாம். புதிய வியூ லேயர் (தனியாக ரெண்டர் ஆகும் அடுக்கு) ஒன்று, எல்லாப் பொருளுக்கும் வெறும் எமிஷன் (தானே ஒளிரும்) மெட்டீரியல் ஓவர்ரைடு, லைட் எதுவும் வேண்டாம், பவுன்ஸ் (ஒளி எத்தனை முறை எதிரொளிக்கும் என்பது) பூஜ்யம், கிரிப்டோமேட் ஆப்ஜெக்ட் பாஸ் ஆன். ஒளிக்கணக்கு இல்லாததால் ஒரு ஃபிரேம் மிக வேகமாக முடியும். கேமரா, பிக்சல் ஃபில்டர் அகலம், மோஷன் ப்ளர் ஷட்டர் மூன்றும் பியூட்டியில் இருந்ததைப் போலவே இருக்க வேண்டும். ஃபில்டர் அகலம் மாறினால் மாஸ்க் பியூட்டியை விடக் கூர்மையாகவோ மழுங்கலாகவோ வரும், பிறகு விளிம்பு ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை: மெட்டீரியல் ஓவர்ரைடு, மெட்டீரியலுக்குள் இருக்கும் ஆல்பா கட்-அவுட்டையும் (ஒளிபுகும் வெட்டு) டிஸ்பிளேஸ்மென்ட்டையும் (மேற்பரப்பை மேடுபள்ளமாக்குவது) சேர்த்தே அழித்துவிடும். காருக்கு முன்னால் இலை, செடி ஏதாவது இருந்தால் இலைகள் எல்லாம் செவ்வகத் தகடாக வந்து காரை மறைக்கும். அவற்றுக்கு மட்டும் பழைய மெட்டீரியல் இருக்கட்டும்.

மூன்றாம்சட்டகம்

ஒரு காருக்கு எதுக்கு கிரிப்டோ? அதே எமிஷன் லேயர்ல காருக்குச் சிவப்பு, கண்ணாடிக்குப் பச்சை, சக்கரத்துக்கு நீலம் கொடுத்து விடுங்க. ஒரே படம், மூணு மாஸ்க். பியூட்டி எப்படி ஃபில்டர் ஆகுதோ அப்படியே இதுவும் ஃபில்டர் ஆகும், மோஷன் ப்ளரும் வரும். எந்த சாஃப்ட்வேர்லயும் திறக்கும், பிளகின் வேண்டாம்.

கிரிப்டோவோட கோப்பு அளவை யாரும் பேசறதில்லை. 1920×1080ல ஒரு லேயர்னா நாலு சேனல், 32-பிட் – சுருக்காம 33 எம்பி. ஆறு லெவலுக்கு (ஒரு பிக்சல்ல ஆறு பொருள் வரைக்கும்) மூணு லேயர், ஆக 100 எம்பி. ஆப்ஜெக்ட், மெட்டீரியல், அசெட் மூணையும் டிக் பண்ணினா 300. சுருக்கினா நல்லாவே குறையும், ஒத்துக்கறேன். ஆனா 16-பிட்ல ஒரு ஆர்ஜிபி மாஸ்க் சுருக்கறதுக்கு முன்னாடியே 12 எம்பிதான்.

சுட்டெலி

கஸ்டமர் அடுத்து "கதவுக் கைப்பிடி மட்டும்"னு கேட்பார். அப்ப உங்க சிவப்பு பச்சை நீலத்துல கைப்பிடி எங்க இருக்கு?

மூன்றாம்சட்டகம்

அப்ப இன்னொரு லேயர் ஓட்டுவேன். எமிஷன் லேயர்தானே, டீ ஆறறதுக்குள்ள வந்துடும். கிரிப்டோ கெட்டதுன்னு நான் சொல்லல தம்பி. எதுக்கெடுத்தாலும் அதுதான்னு சொல்றதைத்தான் சொல்றேன்.

வரைகோடு

நன்றி அரைநிழல். ஒரு ஃபிரேமுக்கு கிரிப்டோமேட் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாஸைத் திறந்தால் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது, விளிம்பு இதிலும் படிக்கட்டுதான்! எங்கே தவறு?

அரைநிழல்

எங்கும் தவறில்லை. நீங்கள் பார்ப்பது மாஸ்க் அல்ல, மாஸ்க் கட்டி வைத்திருக்கும் மூட்டை.

சைஓப் நிறுவனத்தில் ஜோனா ஃப்ரீட்மன், ஆண்ட்ரூ ஜோன்ஸ் இருவரும் உருவாக்கி 2015 சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரு ஹாஷ் எண்ணாக (பெயரிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாற்றுகிறார்கள். ஒவ்வொரு பிக்சலிலும் இந்தப் பொருள், இத்தனை பங்கு என்று ஜோடி ஜோடியாக எழுதுகிறார்கள், அதிகப் பங்குள்ளது முதலில். ஒரு லேயரின் நான்கு சேனலில் இரண்டு ஜோடி அடங்கும். நீங்கள் பார்த்த சிவப்புச் சேனல் பங்கு அல்ல, பொருளின் எண். எண் என்பதால் அது படிக்கட்டாகத்தான் இருக்கும், இருந்தாக வேண்டும். கிரிப்டோமேட் நோட் எல்லா ஜோடிகளையும் தேடி, காரின் எண் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பங்குகளைக் கூட்டித் தரும்போதுதான் வழவழப்பான மாஸ்க் வரும். நோடில் காரைத் தேர்ந்தெடுத்து மேட் (மாஸ்க்) அவுட்புட்டைப் பாருங்கள்.

இதிலிருந்தே சில கட்டுப்பாடுகளும் வருகின்றன. கிரிப்டோ லேயரை 32-பிட் ஃப்ளோட்டில்தான் சேமிக்க வேண்டும். 16-பிட் ஹாஃப் ஃப்ளோட் 2048க்கு மேல் எல்லா முழு எண்களையும்கூடத் துல்லியமாகத் தாங்காது; 32-பிட் ஹாஷ் அதில் சிதைந்துபோகும். தரம் இழக்கும் சுருக்கமும் கூடாது, டிடபிள்யூஏஏ போன்ற அந்த வகைச் சுருக்கம் போட்டால் எண் மாறி மாஸ்க்கில் ஓட்டை விழும். மாஸ்க்கைப் பிரித்த பிறகுதான் அளவு மாற்றுவது, நகர்த்துவது, லென்ஸ் வளைவு கொடுப்பது எல்லாம். முதலில் அளவைக் குறைத்தால் பழைய 2, 6, 4 கதைதான், எண்கள் மட்டும் பெரியவை.

முடி, ரோமம், அடர்ந்த புல் இருக்கும் காட்சியில் ஒரே பிக்சலில் ஆறுக்கு மேற்பட்ட பொருள்கள் மோதலாம். மிஞ்சியவற்றின் பங்கு தொலைந்து மாஸ்க் பொத்தலாகும். அப்போது மட்டும் லெவலை ஏற்றுங்கள். கார் காட்சிக்கு 6 தாராளம்.

புதுத்தூரிகை

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு இதே பிரச்சினை, ஆனால் காட்சிக் கோப்பு என்னிடம் இல்லை. பியூட்டியும் கறுப்பு-வெள்ளை மாஸ்க்கும் பிஎன்ஜியாக வந்தன, அவ்வளவுதான். மறு ரெண்டருக்கு வழியே இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை.

மூன்றாம்சட்டகம்

மாஸ்க்கை 4 மடங்கு பெரிசாக்குங்க. கொஞ்சம் ப்ளர். அப்புறம் லெவல்ஸ்ல கறுப்பையும் வெள்ளையையும் நடுவை நோக்கி நெருக்குங்க, படிக்கட்டு கரைஞ்சு கோடாகும். திரும்ப பழைய அளவுக்குக் குறைங்க. விளிம்பு ஒரு பிக்சல் அகலத்துல சாம்பலா வரும், ப்ளர் மட்டும் போட்ட மாதிரி பரவாது.

கூர்மையான மூலைகள் உருண்டு போகும், மெல்லிய கம்பி காணாமப் போகும். அந்த இடங்களைக் கையால ரோட்டோ பண்ணுங்க, அதாவது ஃபிரேம் ஃபிரேமா வரைஞ்சு எடுங்க. வேற வழி இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வண்ணமானி

அத்துடன் ஒன்று: அந்த பிஎன்ஜி மாஸ்க்கை மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். நேரியல் முறையில் (எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில்) வேலை செய்தால், எஸ்ஆர்ஜிபி (திரைக்கான வளைவு ஏறிய) படம் என்று எண்ணி 0.5ஐ 0.21 ஆக இறக்கிவிடும். பாதிப் பங்கு கால் பங்குக்கும் கீழே போகிறது. மாஸ்க் உள்ளே சுருங்கி, விளிம்பு கடினமாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: நேரியல் மாஸ்க்கைச் சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி வளைவு ஏறி 0.5 என்பது 0.74 ஆகி மாஸ்க் ஊதிப்போகும். பிளெண்டரில் நான்-கலர், மற்றவற்றில் ரா அல்லது டேட்டா என்று இருக்கும். மாஸ்க் நிறம் அல்ல, அளவு. விளிம்பு கொஞ்சம் கொரகொரவென்று இருக்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இது ஒன்றே மருந்து, இதை எல்லோரும் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

வரைகோடு

மேட் அவுட்புட் அருமையாக வந்தது. ஆன்டெனாகூட முழுசாக இருக்கிறது, சக்கரத்தின் ப்ளரும் இருக்கிறது.

ஆனால் நிறத்தை மாற்றினால் காரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. மாஸ்க்கை உள்ளே சுருக்கினால் வெள்ளைக் கோடு போய்க் கறுப்புக் கோடு வருகிறது, அதாவது பழைய நிறம். மாஸ்க் சரியாகவே இருக்கும்போது ஏன் இப்படி?

அரைநிழல்

இதைத்தான் எதிர்பார்த்தேன். மாஸ்க்கின் குற்றம் இல்லை இப்போது. நிறத்தை மாற்றும் கணக்கே விளிம்பில் தவறு.

எண்களில் பாருங்கள். கார் 0.1, பின்னணி 1, விளிம்புப் பிக்சலில் காரின் பங்கு பாதி. பியூட்டியில் அந்தப் பிக்சல் 0.55. காரை 5 மடங்கு ஏற்றி 0.5 ஆக்க விரும்புகிறீர்கள். விளிம்பில் வர வேண்டிய சரியான விடை, 0.5இன் பாதியும் 1இன் பாதியும் சேர்ந்து 0.75.

மாஸ்க் வைத்து நிறம் திருத்தும்போது நடப்பது வேறு. 0.55 முழுவதும் 5 மடங்காகி 2.75 ஆகிறது, பின்னணியின் வெளிச்சமும் சேர்ந்து ஏறிவிட்டது. பிறகு மாஸ்க் இதில் பாதியையும் பழையதில் பாதியையும் கலக்கிறது: 1.65. காரும் 1ஐத் தாண்டவில்லை, பின்னணியும் தாண்டவில்லை, நடுக்கோடு மட்டும் இரண்டையும் விஞ்சி 1.65. அதுதான் உங்கள் வெள்ளைக் கோடு. காரை இருட்டாக்கியிருந்தால் இதே இடத்தில் அழுக்குக் கோடு வந்திருக்கும். பின்னணி கறுப்பாக இருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. அதனால்தான் பயிற்சிக் காணொளிகளில் இது கண்ணில் படுவதே இல்லை, அங்கே பின்னணி எப்போதும் கறுப்பு.

வழி: விளிம்பில் இருந்து பின்னணியின் பங்கைக் கழித்துவிட்டு நிறத்தை மாற்றுங்கள். அதற்குக் கார் இல்லாத பின்னணிப் படம் வேண்டும். உங்கள் காட்சியில் கேமரா அசையாமல் இருந்து, கார் போகப் போக நிழல் மட்டும் மாறுகிறது என்றால், பின்னணியை மட்டும் ரெண்டர் எடுப்பது பெரிய சுமை இல்லை.

பியூட்டியில் இருந்து, (1 கழித்தல் மாஸ்க்) பெருக்கல் பின்னணியைக் கழியுங்கள். 0.55 கழித்தல் 0.5, மீதி 0.05. இது காரின் பங்கு மட்டும், ஏற்கெனவே மாஸ்க்கால் பெருக்கப்பட்டது. 5ஆல் பெருக்கினால் 0.25. கழித்த 0.5ஐத் திரும்பக் கூட்டினால் 0.75. சரியான விடை.

மூன்று நிபந்தனை. எல்லாம் நேரியல் இஎக்ஸ்ஆர் கோப்பில் நடக்க வேண்டும், ஏஜிஎக்ஸ் அல்லது ஃபில்மிக் (திரைக்காகத் தோற்றத்தை மாற்றும் வளைவுகள்) ஏறிய பிஎன்ஜியில் இந்தக் கழித்தலுக்கு அர்த்தமே இல்லை. இரைச்சலால் சில பிக்சல் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அங்கே வெட்டிவிடுங்கள். பெருக்கல் மட்டும் என்றால் நேரடியாகச் செய்யலாம். காமா, கான்ட்ராஸ்ட், சாயல் மாற்றம் என்றால் முதலில் மாஸ்க்கால் வகுத்து, மாற்றிவிட்டு, மறுபடி மாஸ்க்கால் பெருக்க வேண்டும்.

அடுத்த வேலையில் இந்தச் சுற்றே தேவைப்படாது. காரை ஒரு வியூ லேயரிலும் பின்னணியை இன்னொன்றிலும் வையுங்கள், காரின் லேயரில் மற்றவை ஹோல்டவுட் (காரை மறைக்கும், தாம் தெரியாது). நிறம் மாறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மாஸ்க்கை நம்பி இருக்காதீர்கள், லேயரைப் பிரியுங்கள்.

சுட்டெலி

இதை நான் இவ்வளவு நாளா எட்ஜை நோண்டி நோண்டி சரி பண்ணிட்டிருந்தேனே 🙂

மூன்றாம்சட்டகம்

நல்ல விளக்கம். இதே ரகத்துல இன்னொண்ணு: கார் பாடிக்கு ஒரு மாஸ்க், கண்ணாடிக்கு ஒரு மாஸ்க், ரெண்டையும் சேர்க்கணும்னா 'ஓவர்' (ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறது) போடாதீங்க. சந்திக்கிற பிக்சல்ல 0.5ம் 0.5ம். ஓவர் போட்டா 0.75 வரும், மேக்ஸ் போட்டா 0.5. ரெண்டுலயும் நடுவுல ஒரு மயிரிழை தெரியும். கூட்டல்தான் சரி, 1 வரும். கிரிப்டோல ரெண்டு பேரையும் ஒரே நோட்ல சேர்த்துத் தேர்ந்தெடுத்தா அதுவே கூட்டிக்கும். அந்த வகையில கிரிப்டோவுக்கு ஒரு ஓட்டு போடறேன், போங்க.

புதுத்தூரிகை

4 மடங்கு முறை வேலை செய்தது, நன்றி. ஒரு சந்தேகம்: வேறொரு காட்சியில் முகப்பு விளக்கைச் சுற்றி பியூட்டியே படிக்கட்டாக இருக்கிறது, மாஸ்க் நன்றாக இருக்கிறது. தலைகீழாக!

வண்ணமானி

விளக்கின் ஒளி அளவு 50 என்று வையுங்கள். விளிம்புப் பிக்சலில் அது பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் 5. திரை 1இல் வெட்டுகிறது. ஆக, கொஞ்சம் தொட்ட பிக்சலும் முழு வெள்ளை, முழுதும் மூடிய பிக்சலும் முழு வெள்ளை. படிக்கட்டு. ரெண்டர் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறது. விளக்கின் ஒளியைக் குறையுங்கள், அல்லது சாம்பிளை கிளாம்ப் செய்யுங்கள் (உச்ச அளவு வையுங்கள்), அல்லது மேல் வெளிச்சத்தை மெதுவாக மடக்கும் டோன் மேப்பிங் போடுங்கள். மாஸ்க்கைக் கெடுத்து பியூட்டியோடு பொருத்த முயல வேண்டாம்.

வரைகோடு

கழித்தல் முறை கச்சிதம். கூரை, கதவு, ஆன்டெனா எங்கும் கோடு இல்லை. இரண்டு இடத்தில்தான் மிச்சம். டயர் தரையைத் தொடும் இடத்தில் வெளிறிய கோடு. கரும் டயரும் கரும் நிழலும் சேரும் இடத்தில் பியூட்டியோடு எடுத்த மாஸ்க் ஒன்று பொரிப்பொரியாக இருக்கிறது.

அரைநிழல்

முதலாவது: பின்னணி எடுக்கும்போது காரை ரெண்டரில் இருந்தே மறைத்துவிட்டீர்களா? அப்படியானால் தரையில் காரின் நிழலும் இருக்காது. வெளிச்சத் தரையைக் கழித்தால் நிழல் பகுதியின் விளிம்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படும், பிறகு அந்த வெளிச்சத் தரையையே திரும்பக் கூட்டுகிறீர்கள். காரை மறைக்காதீர்கள், ரே விசிபிலிட்டியில் கேமராவை மட்டும் அணையுங்கள். கார் கண்ணுக்குத் தெரியாது, நிழலும் பிரதிபலிப்பும் இருக்கும்.

இரண்டாவது, அடாப்டிவ் சாம்பிளிங். பியூட்டியில் இரைச்சல் அடங்கிய பிக்சலை சைக்கிள்ஸ் சீக்கிரம் கைவிட்டுவிடும். கறுப்பு மேல் கறுப்பு உடனே அடங்கிவிடுகிறது, விளிம்பு இருப்பதே அதற்குத் தெரியாது. குறைந்த சாம்பிளில் பங்கும் கரடுமுரடாக நிற்கிறது. மினிமம் சாம்பிளை ஏற்றுங்கள், அல்லது எமிஷன் லேயரில் அடாப்டிவை அணைத்துவிடுங்கள். வி-ரே என்ற ரெண்டரரில் இதற்காகவே ரெண்டர் எலிமென்ட்டில் 'கன்சிடர் ஃபார் ஆண்டி-அலையாசிங்' என்ற டிக் இருக்கிறது.

வரைகோடு

கேமராவை மட்டும் அணைத்ததும் டயர்க் கோடு போய்விட்டது. எமிஷன் லேயர் எல்லா ஃபிரேமுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி ஷாட்டில் டெப்த் ஆஃப் ஃபீல்டு (குவியத்துக்கு வெளியே இருப்பது மங்குவது) இருக்கிறது, காரின் முன்பக்கம் நன்றாக மங்கும். அங்கேயும் இந்தக் கழித்தல் நிற்குமா?

அரைநிழல்

காருக்குப் பின்னால் சீரான சுவர் இருக்கும்வரை நிற்கும். பின்னணியில் கோடு, எழுத்து, புள்ளி விளக்கு ஏதாவது இருந்தால் அங்கங்கே பிசகும். கார் மறைக்காத பகுதியில் தெரியும் பின்னணியும், பிக்சல் முழுவதற்குமான பின்னணிச் சராசரியும் ஒன்றே என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மங்கல் அகலமாக அகலமாக அது பொய்யாகும். அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் காரைத் தனி லேயரில் ஹோல்டவுட்டோடு மறுபடி எடுத்துவிடுங்கள். எமிஷன் லேயரிலும் அதே எஃப்-ஸ்டாப் (லென்ஸ் திறப்பு) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மங்கும் இடத்துக்குக் குறைந்த சாம்பிள் போதாது.